கழட்டிக்கிற ஸ்டீயரிங்

கேளுங்க தம்பி, சும்மா கேளுங்க. அறச்சலூர்ல நான் ஏறுனதுலிருந்து பார்த்துட்டுத்தான் வர்றேன். நீங்க இதைப் பார்க்கறீங்க, அப்பறம் ஜன்னலைப் பார்க்கறீங்க, மறுக்கா இதைப் பார்க்கறீங்க. கார் ஸ்டீயரிங்கேதானுங்க. பொம்மை இல்லை. கண்டக்டரும் இதுக்கு லக்கேஜ் போடலாமான்னு நின்னு ரோசனை பண்ணிப்போட்டு, மடியில வெச்சுக்கறதுன்னா வெச்சுக்குங்கன்னுட்டுப் போயிட்டாரு. டிரைவர்தான் கண்ணாடியில பார்த்துக் கேட்டாரு, "ஏனுங்கண்ணா, நான் ஓட்டுறதுல நம்பிக்கை இல்லீங்களா?"ன்னு. பஸ்ஸே சிரிச்சுது. சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க.

நீங்க எதுவரைக்கும்? தாராபுரமா? நானும் அங்கதான். அப்ப நேரமிருக்குது.

தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க. சிவப்பு நூல்ல தையல் போட்டிருக்குது பாருங்க. அடிப்பக்கம் தட்டையா இருக்குதல்லங்க, அது தொடை இடிக்காம இருக்கறதுக்கு. ரேஸ் வண்டிக்கெல்லாம் இப்பிடித்தானாம். ஆனா விசயம் அது இல்லீங்க. விசயம் இங்க, நடுவுல. இந்த வளையத்தைப் பிடிச்சு இப்பிடி இழுத்தா, முழு ஸ்டீயரிங்கும் டக்குனு கையோட வந்துடும். திரும்ப வெச்சு அமுக்கினா உக்காந்துக்கும். அது எப்பிடி வெச்சாலும் உக்காந்துக்கும், அதுதான் ஒரு சின்னத் தொந்தரவு. சில நாளைக்குத் தட்டைப் பக்கம் மேல வந்துரும். சில நாளைக்குச் சைடுல. வண்டி என்னமோ நேராத்தான் போகும், பார்க்கறவங்களுக்குத்தான் நான் எங்கயோ திரும்பற மாதிரி இருக்கும்.

நம்ம பேரு சென்னியப்பனுங்க. அறச்சலூர்ல கோழித் தீவன ஏஜென்சி. வண்டி ஒரு பழைய சின்னக் காரு, வெள்ளை. கம்பெனியில குடுத்த ஸ்டீயரிங் எப்பிடி இருந்துச்சுன்னா, பெருசா, மெல்லிசா, வழுவழுன்னு. வெயில் காலத்துல வேர்வைக் கை நிக்காது. வழுக்கும். அதுக்காகத்தான் மாத்துனேன். வேற ஒரு காரணமும் இல்லீங்க. ஊருக்குள்ள ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க.

என்ன சொல்லுவாங்கன்னா, ஊட்டுக்காரி வண்டி ஓட்டுறது பொறுக்காம மாத்திப்போட்டான்னு சொல்லுவாங்க.

எம்பொண்டாட்டி வசந்தமணி. வண்டி ஓட்டக் கத்துக்கன்னு சொன்னதே நான்தானுங்க. குடோன்ல மூட்டை மேல ஏறி நின்னு சரக்குப் பார்த்துட்டு இருந்தேன், மூட்டை சரிஞ்சுது, நானும் சரிஞ்சேன், கால் முறிஞ்சு போச்சு. கட்டுப் போட்டுப் படுத்தாச்சு. பண்ணைக்காரங்களைப் போயிப் பார்க்க ஆள் வேணும், இல்லீனா அடுத்த கம்பெனிக்காரன் உள்ள பூந்துருவான். இவ ஈரோட்டுல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தா. நான் நெனச்சேன், ரெண்டு தடவ எதுலயாவது முட்டுவா, பயந்துக்குவா, அப்பறம் ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம்னு. முட்டவே இல்லீங்க. அதுல எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அப்ப ரோட்டுல கூட்டம் கம்மி.

நான் கட்டுப் பிரிச்சு எந்திரிச்சப்ப பார்த்தா, ஆர்டர் கூடியிருக்குது. பண்ணைக்காரங்க போன் பண்ணுனா, "அக்கா இல்லீங்களா?"ங்கறாங்க. தீவனம் நல்ல தீவனமுங்க, அதனாலதான் கூடுச்சு. அதை யாரும் சொல்றதில்லை.

சரி, கால்தான் சரியாப் போச்சே, சாவியைக் குடுன்னு வாங்கி ஓட்டிட்டுப் போறேன். போற வழியில டீக்கடைக்காரரு கையைக் காட்டி நிறுத்தறாரு. "ஏனுங்க, அக்கா காரைக் குடுத்தாங்களா?"ன்னாரு. என் பேருல ஆர்.சி. இருக்குதுங்க தம்பி. என் காரு. அக்கா குடுத்தாங்களாம்.

இன்னொரு நாளைக்கு ஒரு கல்யாணம். மண்டபத்துல வண்டி விடற எடம் சித்த குறுகல். நான் திருப்பறேன், வாட்ச்மேன் ஓடியாந்து, "அக்கா வரலீங்களா? அப்ப வெளியவே நிறுத்திக்குங்க"ங்கறான். பக்கத்துலயே உக்காந்திருக்கறா வசந்தமணி. கீழ குனிஞ்சு, "வந்திருக்கறேன் தம்பி"ன்னா. உடனே அவன் சல்யூட் அடிச்சு, "அப்ப உள்ள வாங்க"ன்னான். நாங்க ரெண்டு பேரும் எறங்கி சீட்டு மாறினோம். வாசல்ல சந்தனம் குடுத்துட்டு நின்ன அத்தனை பேரும் பார்த்தாங்க. ஒரே மூச்சுல ரிவர்ஸ் எடுத்து ரெண்டு வண்டிக்கு நடுவுல சொருகிட்டா.

இதுக்கும் ஸ்டீயரிங் மாத்துனதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. பேச்சு வந்துச்சு, சொன்னேன்.

ஸ்டீயரிங் வழுக்குதுன்னு ஈரோட்டுல ஒரு கடைக்குப் போனேன். உறை மாட்டினாப் போதும்னுதான் போனது. கடைக்காரரு உள்ள இருந்து இதைக் கொண்டாந்து வெச்சாரு. "அண்ணா, இது ரேஸ் மாடல். இதைக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா, உங்களைத் தவிர ஒருத்தர் வண்டியைத் தொட முடியாது"ன்னாரு. உங்களைத் தவிர ஒருத்தர். அதை மறுக்கா ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டேனுங்க. அவ்வளவு நல்லா இருந்துச்சு காதுக்கு. திருட்டு பயம் இருக்குதல்லங்க?

இல்லீங்க, எங்க ஊர்ல கார் திருட்டு இதுவரைக்கும் நடந்ததில்லை. நடந்துட்டா?

மெக்கானிக் ரஃபீக்குதான் மாட்டிக் குடுத்தான். மாட்டிப்போட்டு மூஞ்சியைச் சுளிச்சான். "ஏனுங்கண்ணா, வட்டம் நெம்பச் சின்னது. உங்க வண்டிக்கு பவர் ஸ்டீயரிங் வேற கெடையாது. திருப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுரும். ஸ்பீடு காட்டற முள்ளும் மறைஞ்சுருது. ஹாரன் வயரு எட்டல, கீழ தனியா பட்டன் வெச்சிருக்கறேன்"னான். நான், கழட்டறது எப்பிடி, அதைக் காட்டுன்னேன். காட்டுனான். டக்குனு வந்துச்சு. அந்தச் சத்தம் இருக்குதே தம்பி, அதைக் கேக்கறதுக்காகவே நான் பத்துதரம் கழட்டி மாட்டினேன். பழைய ஸ்டீயரிங்கைக் கோணிப்பையில சுத்திக் குடுத்தான். கொண்டுபோய்ப் பரண் மேல போட்டாச்சு.

வசந்தமணி வெளிய வந்து பார்த்தா. ஸ்டீயரிங் இருக்கற எடத்துல ஒரு மொட்டைத் தண்டு. ஸ்டீயரிங் என் கக்கத்துல.

"என்னங்க மாமா இது?"

"திருட்டு பயத்துக்கு."

உள்ள போயிட்டா.

அடுத்த நாளே வந்து நிக்கறா. எதிர்வூட்டு அம்மாவுக்கு மூட்டுவலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருந்தாளாம். "ஸ்டீயரிங் குடுங்க"ன்னா. தண்ணி குடுங்கங்கற மாதிரி கேக்கறா. நான் சொன்னேன், "இதை மாட்டறது உனக்குப் புரியாது புள்ள. எங்க போகோணும்னு சொல்லு, நான் வர்றேன்." நானே கூட்டிட்டுப் போனேனுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல திருப்பறப்ப தோள்பட்டை புடிச்சுக்கிட்டுது. எறங்கி, எதிர்வூட்டு அம்மா மூட்டுக்குக் காட்டுனாங்க, நான் தோளுக்குக் காட்டுனேன்.

இப்பிடியே போச்சு. அவ எதுக்குக் கேட்டாலும் நான் வர்றேன்னுருவேன். நான் வர்ற நேரம் பார்த்தா அவ போகலைன்னுருவா. ஒரு நாள் சோத்தைப் போட்டுட்டு எதுக்க உக்காந்துக்கிட்டா. ஸ்டீயரிங் எலைக்குப் பக்கத்துல இருக்குது. அதைப் பார்த்துட்டுக் கேட்டா:

"ஏனுங்க மாமா, திருடன் யாருங்க? நானுங்களா?"

பேசாம ரசத்தை ஊத்துன்னேன். ஊத்துனா. அவளுக்கு எப்பவுமே இந்தக் கேள்வி கேக்கற பழக்கம் உண்டுங்க.

அப்பறம் எங்க போனாலும் கையோடதான். கடைக்குப் போனா கல்லாவுக்குப் பக்கத்துல. பேங்க்குக்குப் போனா கவுண்டர் மேல. படுக்கறப்ப தலைமாட்டுல. கோயிலுக்குக் கொண்டு போனேன், அய்யரு தட்டுல வாங்கிச் சாமி பாதத்துல வெச்சுட்டு, என்ன நட்சத்திரம்னாரு. ஸ்டீயரிங்குக்கு நட்சத்திரம் தெரியலை. என் நட்சத்திரத்தைச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமையானா செவ்வந்திச் சரம் சுத்திப்போடுவேன். இதோட வந்த கண்ணாடிக் கவரையும் நான் கழட்டலீங்க அப்ப. தூசு படக்கூடாதல்லங்க.

அந்தச் செவ்வந்தியிலதான் வெனை வந்துச்சு.

தாராபுரத்துக்கு அக்கட்ட ஒரு ஊரு, வசந்தமணி பொறந்த ஊரு. அவளுக்கு அப்பன் சின்ன வயசுலயே போயிட்டாரு. வளர்த்து, படிக்க வெச்சு, எனக்குக் கட்டிக் குடுத்தது பெரியப்பாதான். குமாரசாமின்னு பேரு. பஞ்சாயத்து பிரசிடெண்டா இருந்தவரு, பால் சொசைட்டி தலைவரா இருந்தவரு, பெரிய மனுசன். ஒரு சனிக்கிழமை காலையில போன் வருது, பெரியப்பா போயிட்டாருன்னு. அப்பிடியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. நான் ஸ்டீயரிங்கை எடுத்துட்டு, கெளம்பு புள்ளைன்னேன்.

நான்தான் ஓட்டினேன். அன்னைக்குத் தட்டைப் பக்கம் மேல வந்துருச்சு, அவசரத்துல மாட்டினது. ஒவ்வொரு திருப்பத்துலயும் ஸ்டீயரிங் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்துல அவ முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழறா. "சீக்கிரம் போங்க மாமா"ன்னு மட்டும் சொன்னா. போகத்தானுங்க பார்த்தேன். மாட்டு வண்டி ஒண்ணு எங்களைத் தாண்டிப் போச்சு. அது எறக்கமுங்க.

எழவு வூட்டு வாசல்ல வண்டி நிக்கறதுக்குள்ள எறங்கி ஓடிட்டா. அந்த வாசலுக்குள்ள திருப்ப முடியலை, அதனால கேட்டுக்கு நேரா, வேப்பமரத்து நிழல்ல நிறுத்தினேன். ஸ்டீயரிங்கைக் கழட்டினேன். எழவு வூடுதான் திருடனுக்கு வசதி தம்பி, எல்லாரும் அழுதுட்டு இருப்பாங்க, ஒருத்தரும் ரோட்டைப் பார்க்க மாட்டாங்க.

உள்ள நல்ல கூட்டம். அவரை ஐஸ் பெட்டியில வெச்சிருக்கறாங்க. கட்சிக்காரங்க, சொசைட்டி ஆளுங்க எல்லாம் வரிசையா மலர்வளையம் வெக்கிறாங்க. ஒருத்தன் மைக்கு பிடிச்சுக்கிட்டு யாரு சார்புல வளையம்னு சொல்லிட்டு இருக்கறான். நானும் வரிசையில போனேன். கிட்டக்கப் போனதும் கையெடுத்துக் கும்பிடோணுமல்லங்க? கையில இது இருக்குது. வெள்ளை வேட்டி கட்டுன ஒரு ஆளு பக்கத்துல நின்னாரு. ரெண்டு கையையும் நீட்டுனாரு. சித்த பிடிச்சுக்கறாராட்ட இருக்குதுன்னு குடுத்தேன். எவ்வளவு மரியாதையா வாங்குனாருங்கறீங்க. நான் கண்ணை மூடிக் கும்பிடறேன். காதுகிட்ட மைக்குக்காரன், "எந்த ஊருங்க?"ன்னான். "அறச்சலூருங்க"ன்னேன்.

"அறச்சலூர் பொதுமக்கள் சார்பாக மலர்வளையம்!"

கண்ணைத் திறந்து பார்த்தா, ஸ்டீயரிங் பெரியப்பா நெஞ்சுக்கு நேரா ஐஸ் பெட்டி மேல இருக்குது. கண்ணாடிக் கவரு, சுத்தியும் செவ்வந்தி. நீங்களே இருந்திருந்தாலும் வளையம்னுதான் நெனச்சிருப்பீங்க. நான் கையை நீட்டறதுக்குள்ள சொசைட்டிக்காரங்க பெரிய வளையத்தைக் கொண்டாந்து அது மேல வெச்சுட்டாங்க. அது மேல மாலை. மாலை மேல மாலை.

என்ன பண்ணுவீங்க தம்பி? நீங்கன்னா என்ன பண்ணுவீங்க? அத்தனை பேர் முன்னாடி, பொணத்து மேல இருக்கற மாலையை விலக்கி, இது என்னுதுங்கன்னு எடுத்துட்டு வர முடியுமுங்களா? பெரியம்மா பெட்டியைக் கட்டிப் புடிச்சு அழறாங்க. தலை ஸ்டீயரிங் மேலதான் இருக்குது. நான் அங்கயே கால்மாட்டுல நின்னுட்டேன். நகரலை. சனம் பேசிக்கிட்டுது, "வசந்தமணி ஊட்டுக்காரரு எத்தனை பாசம் பாரு, அந்த எடத்தை வுட்டு அசையலை"ன்னு. உண்மைதானுங்க. அசையலை.

சாங்கியமெல்லாம் முடிஞ்சுது. அமரர் ஊர்தி வந்துச்சு. வந்து, கேட்டுக்கு வெளிய நிக்குது. ஹாரன் அடிக்கறான், அடிக்கறான். மைக்குல கூப்பிடறாங்க, "வாசல்ல வெள்ளைக் காரு நிறுத்தினவங்க உடனே வந்து எடுக்கோணும்." நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மறுபடியும் கூப்பிடறாங்க. பெரியப்பா மூத்த பையன் தொரைசாமி, ஈரவேட்டியோட வந்து என் தோளைத் தொட்டான். "மச்சான், உங்க வண்டிதானே? சித்த எடுங்க."

"எடுக்க முடியாது மச்சான்."

"ஏன்?"

"ஸ்டீயரிங் இல்லை."

"எங்க போச்சு?"

நான் ஐஸ் பெட்டியைக் காட்டினேன்.

அவனுக்குப் புரியலைங்க. அவங்கப்பா செத்துப்போனதுல எனக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டான். ஒருத்தரைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணி குடுக்கச் சொன்னான். அப்பறம் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயி வண்டியைத் தள்ளுனாங்க. கண்ணாடி எறக்கித்தான் இருந்துச்சு, சாவியும் உள்ளயேதான், கியரை எடுத்துவுட்டுத் தள்ளுனாங்க. ஸ்டீயரிங் இல்லாத வண்டி எங்கீங்க போகும்? நான் நிறுத்தினப்ப சக்கரம் வாசப்பக்கம் திரும்பி நின்னுது. அது வாசலுக்குள்ளயே வந்துருச்சு. வந்து பந்தக்கால்ல முட்டி நின்னுது. பந்தல் ஒரு பக்கம் சாஞ்சு, மேல இருந்த தென்னை ஓலை பொலபொலன்னு கொட்டுது. பறை அடிக்கறவங்க நிறுத்திட்டாங்க. அழுதவங்களும் நிறுத்திட்டாங்க. பெரியப்பா மட்டும் அப்பிடியே இருக்கறாரு.

அப்பத்தான் வசந்தமணி எந்திரிச்சா.

அழுது மூஞ்சியெல்லாம் வீங்கியிருக்குது. நேரா பெட்டிகிட்ட வந்தா. ஒவ்வொரு மாலையா எடுத்தா. பதறாம, ஒண்ணொண்ணா எடுத்துப் பக்கத்துல வெச்சா. சொசைட்டி வளையத்தை எடுத்தா. அடியில இது. எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. பெரியப்பாவைத் தொட்டதுங்கறதுக்காக இருக்கும். கூட்டம் வழி வுட்டுது. போயி வண்டிக்குள்ள உக்காந்து, டக்குன்னு மாட்டினா. நான் சொல்லிக் குடுக்கவே இல்லீங்க, எப்பத்தான் பார்த்து வெச்சாளோ. ஒரே தடவையில நேரா, தட்டைப் பக்கம் கீழ வர்ற மாதிரி மாட்டிட்டா. ஸ்டார்ட் பண்ணி, சாஞ்ச பந்தலுக்கும் மதிலுக்கும் நடுவுல, அந்தத் திரும்பாத ஸ்டீயரிங்கைத் திருப்பி, ரிவர்ஸ்ல வெளிய கொண்டுபோய் நிறுத்தினா. ஒரு ஓலை மேல கூட சக்கரம் ஏறலை.

கழட்டிட்டு வந்து என் கையில குடுத்தா. செவ்வந்தி அப்பவும் அதுலயே இருந்துச்சு.

தொரைசாமி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ இருந்ததாலதான் அப்பா நல்லபடியாக் கெளம்பினாரு அம்மிணி"ன்னு அழுதான். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. ஸ்டீயரிங் இருந்ததாலதானுங்களே அவளால எடுக்க முடிஞ்சுது? அதைக் கொண்டாந்தது யாரு? ஒருத்தர் சொல்லலைங்க.

ஊட்டுக்கு வந்தோம். ரெண்டு நாள் பேச்சே இல்லை. மூணாவது நாள் மத்தியானம் சோறு உண்டுபோட்டு, இதை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அரைத் தூக்கத்துல வாசல்ல கார் கெளம்பற சத்தம் கேக்குது. நம்ம வண்டிச் சத்தம் மாதிரியே இருக்குதேன்னு நெனச்சேன். ஆனா ஸ்டீயரிங் நம்ம கையில இருக்கறப்ப நம்ம வண்டி எப்பிடிங்க கெளம்பும்? வேற யாரோடதோன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். நல்ல தூக்கமுங்க அன்னைக்கு.

எந்திரிச்சுப் பார்த்தா வண்டி இல்லை. வசந்தமணியும் இல்லை. பரண்ல கோணிப்பை மட்டும் கெடக்குது. ரஃபீக்கை வரச்சொல்லி, பழசை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அடுப்புல சோறும் கொழம்பும் மூடி வெச்சிருந்துச்சு.

நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். அங்க இருந்த ஏட்டய்யா நல்ல மனுசன், உக்காரச் சொன்னாரு. கையில இருந்ததைப் பார்த்துட்டு, "இது எங்க கெடந்துச்சு?"ன்னாரு.

"இது என்னுதுங்க. வண்டியைத்தான் காணோம்."

"ஸ்டீயரிங்கைக் கழட்டிட்டு வண்டியை எடுத்துட்டாங்களா?"

"இல்லீங்க, ஸ்டீயரிங்கைக் கழட்டினது நான்."

"வண்டியை எடுத்தது?"

"எம்பொண்டாட்டிங்க."

அவரு பேனாவை மூடி வெச்சுட்டு, "டீ சாப்பிடறீங்களா?"ன்னாரு. சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.

பொழுதோட அவளே போன் பண்ணுனா. பெரியம்மா தனியா இருக்கறாங்க, லீவுல வந்த தொரைசாமி துபாய்க்குத் திரும்பறான், நான் இங்கதான் கொஞ்ச நாளைக்கு இருப்பேன்னா. எப்ப வருவேன்னு கேட்டேன். "ஸ்டீயரிங் உங்ககிட்டத்தானே இருக்குது, நீங்க ஓட்டிட்டு வாங்க"ன்னு வெச்சுட்டா. அது கிண்டலாங்க தம்பி? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. சிரிக்கவும் இல்லை.

அப்பறம் கேள்விப்படறதெல்லாம் அங்கயும் இதே கதைதான். பெரியம்மாவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாளாம். கூடவே பக்கத்து வூட்டு ஆத்தாவையும் ஏத்திக்கறாளாம். பிரசவத்துக்கு ஒரு புள்ளையைக் கொண்டு போய்ச் சேர்த்தாளாம், அந்தக் கொழந்தைக்கு வசந்தான்னு பேராம். என் காருங்க அது.

நான் மெஸ்சுல சாப்பிட்டேன். மெஸ்சு நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலமானா வண்டி நிக்கற எடத்துல ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்துக்குவேன். எதுக்குன்னா, காத்து வருமுங்க அங்க. இது மடியில இருக்கும். பக்கத்து வூட்டு வாத்தியார் மதிலுக்கு மேல எட்டிப் பார்த்து, "எங்க கெளம்பிட்டீங்க சென்னியப்பன்?"ன்னு கேட்டாரு. "எங்கயும் இல்லீங்க சார்"ன்னேன். அவரு, "சாப்புட்டாச்சா?"ன்னு கேட்டாரு. நான் துண்டுல கண்ணைத் தொடச்சுக்கிட்டேனுங்க. மெஸ்சு கொழம்புல காரம் ஜாஸ்தி.

பொண்ணு பெங்களூர்ல இருக்கறா, சிந்துஜா. அவதான் நேத்து போன்ல சத்தம் போட்டா. "அப்பா, போயி அம்மாவைக் கூப்பிடுங்க. காரைக் கூப்பிடாதீங்க"ன்னா. ரெண்டும் ஒண்ணுதானேன்னேன். போனை வெச்சுட்டா. இந்த வூட்டுப் பொம்பளைங்களுக்குப் போனை வெக்கிற அவசரமே தனி.

அதான் கெளம்பிட்டேன். போயி, இதை மாட்டி, அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிட்டு வர்றதுதான் திட்டம். பழசை மறுபடியும் கழட்ட ஸ்பேனரு வேணும். அதை எடுத்து வெக்க மறந்துட்டேன். ஊதியூர் தாண்டித்தான் ஞாபகம் வந்துச்சு.

இருங்க, அவதான்.

"சொல்லு... ஆமா... இன்னும் சித்த நேரத்துல வந்துரும்... சோறு உண்டாச்சு... மாத்திரையும் போட்டாச்சு... தோளா? அது பரவால்ல இப்ப... ஆமா, கொண்டாந்திருக்கறேன்... இல்ல புள்ள, ஊட்டைப் பூட்டிட்டு அங்க எப்பிடி வெச்சுட்டு வர்றது... இல்ல... காருக்காக வரலை... இல்லைங்கறேன்ல?... உன்னையப் பார்க்கத்தான்... பஸ்ஸுல எல்லாரும் இருக்கறாங்க, சத்தமா எப்பிடிச் சொல்றது... சரி... பின்னாடியா?... சரி, சரி."

பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி எடுத்துட்டு வந்து நிக்கறாளாம். பார்த்தீங்களா, நான் வர்றேன்னதும் ஓடியாந்துட்டா. முன் சீட்டுல பெரியம்மா உக்காந்திருக்கறாங்களாம், என்னையப் பின்னாடி உக்காரச் சொல்றா. பின்னாடிதானுங்க வசதி. முறிஞ்ச காலை நீட்டிக்கலாம்.

நீங்க எந்தப் பக்கம் போகோணும்? அட, அது நாங்க போற வழிதான். ஏறிக்குங்க, எறக்கி வுட்டுருவா. பயப்படாதீங்க தம்பி. எம்பொண்டாட்டிங்கறதுக்காகச் சொல்லலை, இந்தச் சுத்துப்பட்டுல அவளாட்ட வண்டி ஓட்டற ஆளு ஆம்பளையில கூட கெடையாது. அந்த எழவு வூட்டுல ரிவர்ஸ் எடுத்தா பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கை தட்டியிருப்பேன். எழவு வூடாப் போச்சு. நான் இப்பிடிச் சொன்னேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அதா, வெள்ளை. வேலாத்தா கடைக்கு எதுக்க நிக்குது பாருங்க. கதவுல சாஞ்சு நிக்கறா, இளைச்ச மாதிரி இருக்குதுங்க. வெயில்ல நிக்கறா பாருங்க, நிழல் இருக்கறப்ப.

தம்பி, ஒரு உதவி. இதைச் சித்த நீங்க பிடிச்சுக்குங்க. பிடிச்சுக்கிட்டு, எனக்குப் பின்னாடி ரெண்டு பேரு எறங்குனதுக்கப்பறம் எறங்குங்க. இதோட எறங்குனேன்னா அவ கண்ணு மொதல்ல இதுலதான் போகும். மொதல்ல என்னையப் பார்க்கட்டும்.